மாசாணம் அக்காவும் டெல்லிக்குப் போன புகாரும்

சுந்தராபுரம்,
கோயம்புத்தூர்.
செப்டம்பர் 26.

பாசமுள்ள அம்மாவுக்கு,

மகள் கிளாடிஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் சுகம். அவரும் சுகம். நீங்களும் தங்கை டீனாவும் அவள் பாப்பாவும் அந்த மெல்போர்ன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். பாப்பா குப்புறக் கவிழ்ந்த வீடியோவை அப்பா போத்தனூர் ரயில்வே காலனி முழுக்கக் காட்டிவிட்டார். காட்டியவர்களுக்கே திரும்பக் காட்டுகிறார். பால்காரர் இப்போது சைக்கிளை நிறுத்தாமல் பாக்கெட்டை வாசலில் வீசிவிட்டுப் போகிறாராம்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்கள் மருமகன் பேச்சு வந்தாலே நீங்கள் "லைன் சரியில்ல கண்ணு" என்கிறீர்கள். இந்தப் பக்கம் லைன் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். டீனாவோடு படித்த நவ்யா அடுத்த வாரம் மெல்போர்ன் திரும்புகிறாள். பருப்புப் பொடியோடு இதையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பொடியை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டாலும் கடிதத்தை விட்டுவிடுவார்கள்.

நம் காலனி முக்கில் இட்லி மாவு அரைத்து விற்கும் மாசாணம் அக்கா கடையை மூடிவிட்டார் என்று மே மாதம் உங்களிடம் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டீர்கள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. கடை மூடியதற்குக் காரணம் உங்கள் மருமகன்தான்.

இந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். முழுக்கப் படியுங்கள். இது சிரிப்பில் முடியும் கதைதான்.

அவர் ரேடியோவில் காலை நிகழ்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். அதில் 'சிக்கினீங்களா' என்று ஒரு பகுதி இருந்தது. நீங்கள் ரேடியோவைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகு ஆரம்பித்தது. நேயர் யாராவது தெரிந்தவர் ஒருவரின் நம்பரைக் கொடுப்பார். இவர் குரலை மாற்றி, பெரிய அதிகாரி மாதிரியோ போலீஸ் மாதிரியோ பேசி, அந்த ஆளைக் கலங்கடிப்பார். நன்றாகக் கலங்கியதும் "சிக்கினீங்களா" என்பார். பின்னால் ஒரு கூட்டமே சிரிப்பது போலச் சத்தம் வரும். ஊரில் அதற்கு ஏகப்பட்ட ரசிகர்கள். நானும் சில நாள் சிரித்திருக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு காலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று இவர் சுகாதார அதிகாரி வேஷம். "உங்க மாவுல பல்லி கெடந்திருக்கு, சாப்பிட்ட ஒரு குடும்பமே ஆஸ்பத்திரியில இருக்கு" என்றார். எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல் நடுங்கியது. "சாமி, நா துணி கட்டித்தானுங்க வெக்கறேன். அந்த ஊட்டுல கொழந்தைக இருக்குதுங்களா? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, இப்பவே வாரேனுங்க." கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அது மாசாணம் அக்கா குரல்.

இவருக்கு அவரை அடையாளம் தெரிய வழியில்லை. போத்தனூரில் நம் வீட்டுப் பக்கம் இவர் வருவதே இல்லையே. அக்கா அழ அழ, இவர் மாவாட்டுவதைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்டார். அதை உங்களுக்கு எழுத என் பேனா வராது. பிறகு "சிக்கினீங்களா" வந்தது, கூட்டச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் அக்கா என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கடைசியில அவங்களே சிரிச்சாங்க கிளாடிஸ். நிகழ்ச்சியை நிகழ்ச்சியாப் பாரு" என்றார். நம் தெரு மாசாணம் அக்கா என்று சொன்னேன். முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே சரியாகிவிட்டது. "அப்ப யாவாரம் இன்னும் ஜோராப் போகும் பாரு, ஓசி விளம்பரம்" என்று சொல்லிவிட்டு, விடியலில் எழ வேண்டும் என்று படுத்துவிட்டார்.

வியாபாரம் ஜோராகப் போகவில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் 'பல்லி மாவு' என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். பாதிப் பேருக்கு அது விளையாட்டு என்று தெரிந்தது. பாதிப் பேர் நெருப்பில்லாமல் புகையுமா என்று வேறு கடைக்குப் போனார்கள். இன்னும் சிலர் அந்தக் கேள்வியையே கடைக்கு வந்து கேட்டுப் பல்லைக் காட்டினார்கள். அக்கா கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போக ஆரம்பித்தார்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவரே, "வா அம்மணி. உன்ற ஊட்டுக்காரருதான்னு எனக்கும் தெரியும். அதுக்கு நீ என்ன பண்ணுவ" என்றார். டம்ளரில் மோர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "பொய்யின்னு சொன்ன பொறகும் எனக்கு அழுவாச்சி நிக்கல. அழுததை ஊருக்கே போட்டுக் காட்டிப்போட்டாங்க பாரு, அதுதான் மனசுக்கு ஆகல. அழுவறப்ப கதவைச் சாத்திக்கறோமில்ல, அம்மணி?"

புகார் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா அந்தப் பையன் சோத்துல மண்ணப் போட்றாத" என்றார்.

எழுதலாம் என்று முடிவு செய்துவிட்டேனே தவிர, யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. ஓர் அலுவலகத்தில், அலைவரிசை விஷயம் என்றால் பார்ப்போம், அதில் என்ன பேசுகிறார்கள் என்பது எங்கள் வேலை இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், டிவி என்றால் தனிக் குழு இருக்கிறது, ரேடியோவா என்று தலையைச் சொறிந்தார்கள். அப்பாவிடம் சொன்னேன். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் அல்லவா, புகார் என்றதும் வாலிபம் திரும்பிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனைப் பிடுங்கிப் பார்த்தவர்தான், ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார். தனியார் எஃப்.எம். நடத்துகிறவர்கள் ஆகாசவாணிக்கு உள்ள அதே ஒழுங்கு விதிகளை ஒப்புக்கொண்டுதான் அனுமதி வாங்குகிறார்கள், அதைக் கேட்க வேண்டியது டெல்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் என்று கண்டுபிடித்தார். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் கண்டுபிடித்தார். "அதுக்குள்ள கேட்டாத்தான் உண்டு கண்ணு. அப்பறம் அழிச்சுருவாங்க. பேசினதுக்குச் சாட்சியே இருக்காது" என்றார்.

மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் போட்டோம். இவருக்குத் தெரியக் கூடாது என்று போத்தனூர் முகவரிதான் கொடுத்தேன். சில வாரத்தில் பதில் வந்தது. எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, என்ன நேரம், என்ன மொழி, சொன்ன வார்த்தைகள் என்ன, ஒன்றும் தெளிவாக இல்லை என்று சொல்லி மனுவை முடித்துவிட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அசரவில்லை. "மொத மனுவை மூடத்தான் செய்வாங்க. அவங்க கேட்டது நாயந்தானே? 'ரேடியோவுல அசிங்கமாப் பேசறாங்க'ன்னு மொட்டையா எழுதினா யாரைப் போய்ப் பிடிக்கறது? இப்பத்தான் என்ன கேக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சே, எழுது" என்றார்.

இரண்டாவது முறை நிதானமாக எழுதினேன். தேதி, நேரம், அந்தக் கேள்வி, அக்காவின் கையெழுத்து எல்லாம் சேர்த்தேன். அனுமதி கேட்காமல் ஒலிபரப்பினார்கள் என்று எழுதினேன். 'பின்னணிச் சிரிப்பை நீக்கிவிட்டு இந்தப் பதிவைக் கேட்குமாறு வேண்டுகிறேன்' என்று ஒரு வரி. முடிவில், 'தொகுப்பாளர் இயல்பில் நல்லவர். அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டாம், திருத்தினால் போதும்' என்று ஒரு வரி. அந்த வரியை அடிக்கச் சொல்லி அப்பா எவ்வளவோ சொன்னார். புகார் பலவீனமாகிவிடுமாம். நான் அடிக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் நான் பட்ட பாடு இருக்கிறதே. அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே இன்று நோட்டீஸ் வந்திருக்கிறதா இல்லையா என்று கணக்குப் போடுவேன். ஒன்றும் வராது. குழம்பு கொட்டிவிடும், உப்பு இரட்டிப்பாகிவிடும். அவரோ ஒன்றும் அறியாதவராக எதைப் போட்டாலும் சாப்பிட்டார். இதற்கு நடுவில் நம் சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் சார்பில் என்னைக் கேக் செய்யச் சொன்னார்கள். அந்தக் கேக்கைப் பற்றிப் பிறகு போனில் சொல்கிறேன்.

மூன்று மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது நோட்டீஸ் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு கவரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ரேடியோ ஸ்டேஷனுக்கு அமைச்சகம் அனுப்பிய கடிதம். இன்ன நாள் இன்ன நேரப் பதிவை அனுப்புங்கள், விதிமீறலுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கூடவே என் புகாரின் நகல். நிலையத்தின் தலைவர் அருண்குமார் புகார்தாரரின் பெயரையும் முகவரியையும் மறைத்து நகலெடுத்துக் கொடுத்திருந்தார். அருண்குமார் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம்.

"விளக்கம் எழுதணும். நீதான் இந்த மாதிரி லெட்டரெல்லாம் நல்லா எழுதுவ. எழுதிக் குடு கிளாடிஸ்" என்றார் உங்கள் மருமகன்.

நினைத்துப் பாருங்கள் அம்மா. என் புகாருக்கு நானே பதில் எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன். எழுத வேண்டுமென்றால் விவரம் வேண்டுமே, கேட்க ஆரம்பித்தேன். "போன் பண்ணறதுக்கு முன்னாடி அவங்ககிட்டச் சொன்னீங்களா?" இல்லை. "ஒலிபரப்பறதுக்கு முன்னாடி சம்மதம் கேட்டீங்களா?" கேட்கவில்லை. "கடைசியில சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே, அதை எழுதிக்கட்டுமா?" அதற்கு இவர், "இரு, கேட்டுட்டு எழுதலாம்" என்று லேப்டாப்பைத் திறந்தார். அதில் குரல் தனி, சிரிப்பு தனியாக இருந்தது. புகாரில் 'பின்னணிச் சிரிப்பை நீக்கிவிட்டு' என்றிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, சிரிப்பை அணைத்தார்.

அக்கா சிரிக்கவே இல்லை அம்மா. "பொய்யிங்களா? நெசமாலுமே யாருக்கும் ஒண்ணும் இல்லீங்களா? கடவுளே, கொழந்தைக நல்லா இருக்குதுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். அவர் சிரித்தார் என்று இவர் நினைத்தது அழுகைக்கு நடுவே வந்த ஒரு பெருமூச்சைத்தான்.

இவர் எழுந்து பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் காலையிலேயே ஊற்றியிருந்தேன். தொட்டி நிறைந்து கீழ் வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் வழிந்து, அவர் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார். உள்ளே வந்து உட்கார்ந்து, "எழுது. அனுமதி வாங்கவில்லை. பல்லி என்பது என் கற்பனை. அந்தக் கேள்வி ஆபாசமானது. அதை நான்தான் கேட்டேன்" என்றார். ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் எழுதினேன்.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். நான் நிம்மதியாக டீ போடப் போனேன். பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, புகார் குடுத்தவங்களே பதிலும் எழுதினா கவர்மென்ட்டுல ஒத்துக்குவாங்களா?"

பால் பொங்கி அடுப்பை அணைத்தேவிட்டது.

நகலைக் கையில் வாங்கிய உடனேயே தெரிந்துவிட்டதாம். "என்னைத் திட்டி ஊர்ல எத்தனையோ பேரு எழுதறாங்க. திட்டற லெட்டர்ல 'நல்லவர், வேலையை விட்டு எடுக்காதீங்க'ன்னு எழுத இந்த உலகத்துல ஒருத்திதான் இருக்கா" என்றார். கோபமா என்று கேட்டேன். "மொதல்ல இருந்துச்சு. நேரா என்கிட்டச் சொல்லியிருக்கலாம்னு தோணுச்சு. அப்பறம் பார்த்தா நீ நேராத்தான் சொன்ன. நாந்தான் தூங்கப் போயிட்டேன்" என்றார். அன்று இரண்டு பேரும் டீ குடிக்கவில்லை. எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அருண்குமாருக்குத்தான் சிக்கல். வக்கீல்கள் எழுதிய விளக்கம் ஒன்று அவரிடம் வந்திருந்தது. 'இது மெல்லிய நகைச்சுவை, யார் மனதையும் நோகடிக்கும் நோக்கமில்லை' என்று அழகாக எழுதியிருந்தார்களாம். இவர் தன் காகிதத்தை நீட்டியதும் அருண்குமார், "வின்ஸ்டன், இதை அனுப்பினா லைசென்ஸுக்கே பிரச்சனை ஆனாலும் ஆகும். மொதல்ல உங்க வேலை போகும், அடுத்து என் வேலை" என்றிருக்கிறார். பதிவை அனுப்பத்தானே போகிறோம், டெல்லியில் இருப்பவர்களுக்கும் காது இருக்கிறது, அவர்களும் சிரிப்பை எடுத்துவிட்டுக் கேட்பார்கள் என்று இவர் சொன்னாராம். அருண்குமார் இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, வக்கீல் காகிதத்துக்கு மேலே இவருடையதை வைத்து அனுப்பினார். "வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் ஒட்டுக்கா பேக்கரி வெச்சுக்கலாம். பேச நீங்க, கல்லாவுல நான்" என்றாராம்.

டெல்லியிலிருந்து பதில் வரும்வரை இவர் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னோடு போத்தனூரில் நம் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு ஆச்சரியம், உட்கார நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மூன்று பேரும் மாசாணம் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். ரேடியோவில் அருவி மாதிரி பேசுகிறவர் அன்று ஒரே வாக்கியத்தை மூன்று முறை ஆரம்பித்தார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீங்க நல்லா வந்தீங்க, நல்லாச் சொன்னீங்க. ஆனா ஊரு கேக்கச் சொன்னதை என்ற காதுல மட்டும் வந்து சொன்னா எப்புடீங்க? இந்த ஊட்டுச் செவுத்துக்குக் கேட்டு என்ன ஆவப்போவுது?"

இவர் தலையை ஆட்டினார். நியாயம்தான் என்றார். அக்கா அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் உத்தரவு வந்தது. நிலையத்துக்கு எழுத்துமூல எச்சரிக்கை, இன்னொரு முறை நடந்தால் ஒலிபரப்பையே நிறுத்திவைப்போம் என்று. அதே நிகழ்ச்சியில் அதே நேரத்தில் மன்னிப்பு ஒலிபரப்ப வேண்டும். முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் யாரையும் ஒலிபரப்பில் போடக் கூடாது. இவ்வளவுதான். வேலை போகவில்லை. அப்பா அந்த உத்தரவை என் போனில் வாங்கிப் படித்துவிட்டு, நல்ல நடை என்று பாராட்டினார்.

மன்னிப்பு வாசகத்தையும் வக்கீல்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்று காலை கடைவீதியில், பேக்கரிகளில், ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாம் அதே நிகழ்ச்சிதான் ஓடியது. நானும் அப்பாவும் அக்கா வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். 'எவர் மனமேனும் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்று இவர் படித்தார். காகிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொந்தக் குரலில் சொன்னார்: "புண்பட்டிருந்தால் இல்லீங்க. புண்பட்டுச்சு. போத்தனூர் மாசாணம் அக்கா மாவுல பல்லி உழவே இல்ல. உழுந்தது என்ற வாயில. அக்கா, நீங்க அழுததைச் சிரிப்புச் சத்தம் போட்டு மூடினது நான்தான். ஊரு கேக்கச் சொன்னதை ஊரு கேக்கவே திருப்பி வாங்கிக்கறேன்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து, "அரிசியை ஊறப்போடணுமே" என்றார்.

அடுத்த நாள் கடை திறந்தது. நம் காலனிக்காரர்கள் தூக்குப்போசியோடு வரிசையில் நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'பல்லி மாவு' என்று கத்திய பையன்களின் அம்மாக்கள்தான் முன்னால் நின்றார்கள். அருண்குமார் ஸ்டேஷன் வண்டியை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூரிலிருந்து வந்து மாவு வாங்கிப் போனார். இப்போது மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அக்கா இன்னொரு கிரைண்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். போன வாரம் காலை நிகழ்ச்சிக்கு ஒரு போன் வந்தது. கண்டிப்பான பெண் குரல். "ஏனுங்க, நா சுகாதார ஆபீசுல இருந்து பேசறனுங்க. உங்க பேச்சுல பல்லி உழுந்துருச்சுன்னு புகாரு வந்திருக்குது. கேட்ட ஒரு குடும்பமே காதுவலியில கெடக்குது. இப்ப உங்க வாயைத் தொறந்து காட்டோணும்" என்றது. இவர் நிஜமாகவே குழம்பிப் போனார். "மேடம், எந்த ஆபீஸ்னு சொல்றீங்க? உத்தரவு ஏதாவது வந்திருக்குங்களா?" என்று தடுமாறினார். பக்கத்து அறையில் அருண்குமார் எழுந்தே நின்றுவிட்டாராம். அப்போது அந்தக் குரல் நிதானமாக, "சிக்கினீங்களா தம்பி?" என்றது.

மாசாணம் அக்காவேதான். ஊரே சிரித்தது அம்மா. சிரிப்புச் சத்தம் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. முதலில் சிரித்தது இவர்தான், மைக்கை விட்டுத் தள்ளி நின்று சிரித்தாராம். அப்புறம் அக்கா, "நா உங்ககிட்ட மின்னாடியே கேக்கலை, ஆனா உங்க ஊட்டம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் பண்ணினேன், அவங்க சரின்னாங்க" என்றாரே பார்க்கலாம். நான் சரி என்றது உண்மைதான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இவர் சிரித்துச் சிரித்துச் சட்டென்று நிறுத்திவிட்டார். பிறகு உங்கள் பேச்சை எடுத்தார். அவராகவே எடுத்தார் அம்மா, நான் கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில், நீங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அறிவிப்பு வாசிப்பதை அவர் ரேடியோவில் நடித்துக் காட்டினாரே, உங்கள் குரலில், உங்கள் 'அதாவது என்னவென்றால்' உட்பட. அடுத்த ஞாயிறு நீங்கள் எழுந்து நின்றதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு முதல் நீங்கள் அறிவிப்பு வாசிக்க எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. இதைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அதைத்தான் அன்று சொன்னார். "அந்தப் பதிவெல்லாம் எப்பவோ அழிச்சிருப்பாங்க. எந்த அமைச்சகமும் அதை இனிமே கேக்க முடியாது. ஆனா எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு கிளாடிஸ். அதுல அத்தை சிரிக்கற எடமே இல்ல" என்றார். மாசாணம் அக்காவுக்குச் செய்தது மாதிரி ரேடியோவிலேயே சொல்லட்டுமா, அல்லது சபையில் எழுந்து நின்று சொல்லட்டுமா, அல்லது உங்கள் முன்னால் மட்டும் போதுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். உங்கள் பெயரை உங்கள் சம்மதம் இல்லாமல் இனி எங்கேயும் எடுக்க மாட்டாராம். நீங்கள் எது சொன்னாலும் சரி. ஒன்றும் வேண்டாம் என்றாலும் சரி என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

நான் அவருக்காகப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். அவர் மேல் புகார் கொடுத்தவள் நான். எனக்கு அந்த உரிமை கொஞ்சம் இருக்கிறது அல்லவா.

பாப்பாவுக்குக் காது குத்தும் பேச்சு வந்தால் அங்கே வேண்டாம், இங்கே வந்து தாய்மாமன் முறையில் ஒருவர் மடியில் வைத்துக் குத்தலாம் என்று டீனாவிடம் சொல்லுங்கள். அவள் கை கால் வலி குறைந்ததா? சுக்கும் அனுப்பியிருக்கிறேன். அப்பா ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், நான் சாட்சி. உங்கள் கறிவேப்பிலைச் செடி ஆள் உயரம் வந்துவிட்டது. சங்கத்தில் இப்போது அறிவிப்பு வாசிக்கும் பெண் தேதியையும் கிழமையையும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். போன மாதம் பாதிப் பேர் சனிக்கிழமை வந்து பூட்டின கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எல்லோரும் உங்களைத்தான் கேட்கிறார்கள்.

நவம்பரில் நீங்கள் வந்து இறங்கும்போது அப்பா ஏர்போர்ட்டுக்கு வருவார். நானும் வருவேன். எங்களோடு இன்னொருவரும் ஓரமாக நிற்பார். அவர் நிறையப் பேசுகிறவர்தான், ஆனால் அன்று ஒன்றும் பேச மாட்டார். நீங்களும் பேச வேண்டியதில்லை அம்மா. உங்கள் பெட்டியைத் தூக்க அவர் கையை நீட்டுவார். கொடுத்துவிடுங்கள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக எங்கள் கையில் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள் அன்பு மகள்,
கிளாடிஸ்